காட்சிய ஒப்பிட்டுப் படிக்கிறது எப்படி? மண்டபம் கரையில இருந்து ஒரு வழி

நியாயம்ங்கிற இந்து தரிசனமும் (தத்துவப் பள்ளி) ஜைனமும் பிரத்யட்சத்த, அதாவது நேர்க்காட்சிய, பத்தி என்ன சொல்லுதுன்னு ஒப்பிட உக்காந்தா எல்லாரும் லட்சணத்ததான், அதாவது வரையறையத்தான், மொதல்ல பக்கத்துல பக்கத்துல எழுதுவாங்க, நானும் அப்படித்தான் ரெண்டு நோட்டு எழுதினேன், மனசுல ஒண்ணும் நிக்கல. மண்டபத்துல கடக்கரையில உக்காந்து கண்ணுல படுறத வச்சே கேள்வி கேக்க ஆரம்பிச்ச பிறகுதான் பிடிபட்டுச்சு.

மொதல்ல சொல்லப் பிரிங்க. பிரத்யட்சத்துல இருக்க ‘அட்சம்’ நியாயத்துக்கு இந்திரியம், பழைய ஜைன நூல்ல அதுவே ஆன்மா. இத விட்டீங்கன்னா மிச்சம் அத்தனையும் தப்பாயிரும். ஜைனர் உமாசுவாதியோட தத்துவார்த்த சூத்திரத்துல கண்ணாலயும் காதாலயும் வர்ற மதிஞானம் பரோட்சம்தான், அதாவது நேரா வராத அறிவுதான், நடுவுல கருவி இல்லாம ஆன்மாவே நேரா அறியிற அவதி (தூரத்துல, மறைவா இருக்கத அறியிறது), மனப்பரியயம் (அடுத்தவர் மனச அறியிறது), கேவலம் (எல்லாத்தயும் அறியிற முழு அறிவு) இந்த மூணுதான் பிரத்யட்சம். ஆனா ஊரே கண்ணால கண்டத நேர்க்காட்சின்னு சொல்லும்போது வாதத்துக்கு எப்படி நிக்கிறது? அதனால பின்னாடி, 8ஆம் நூற்றாண்டு ஜைன அறிஞர் அகளங்கர் போல உள்ளவங்க இந்திரிய அறிவையும் உலக வழக்குப் பிரத்யட்சம்னு ஏத்துக்கிட்டாங்க. அதான் எந்தக் காலத்து நூல்னு பாக்காம ஒப்பிடவே கூடாது.

அடுத்து, கண்ணு பொருளத் தொடுதான்னு கேளுங்க. நியாய சூத்திரம் இந்திரியமும் பொருளும் சேருறதுலதான் காட்சி பிறக்குதுங்குது, அதனால கண்ணுல இருந்து ஒளி கெளம்பி, பாம்பன் லைட்ஹவுஸ் வெளிச்சம் கடல் மேல போற மாதிரி, பொருளப் போய்த் தொடணும். ஜைனர் ஒத்துக்க மாட்டாங்க. தொட்டாத்தான் தெரியும்னா கண்ணுல அப்பியிருக்க மை கண்ணுக்குத் தெரியணுமேன்னு ஜைன உரையாசிரியர் பூஜ்யபாதர் கேக்குறாரு. எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம் இது, ஒரு மைப்புள்ளிய வச்சே மொத்த வாதத்தயும் நிறுத்திட்டாரு!

பெறகு பொழுது சாயுற நேரம் கடலப் பாருங்க. தூரத்துல ஏதோ கருப்பா தெரியுது, ஜைனர் சொல்ற நாலு படியில அதுதான் மொதப் படி, அவக்கிரகம். வல்லமா மிதவையான்னு சந்தேகம் வந்து, ஆடுற ஆட்டத்தப் பாத்தா வல்லமாத்தான் இருக்கணும்னு மனசு ஒரு பக்கம் சாயுது பாருங்க, அது ஈகை (கொடுக்குற ஈகை இல்ல, சந்தேகமும் இல்ல, சந்தேகத்தத் தாண்டின தேடல்). வல்லந்தான்னு முடிவானா அவாயம், அது மனசுல தங்கினா தாரணை. நியாயம் இப்படி நாலு படி வைக்காது, பேர் ஒட்டாத நிர்விகற்பம், ‘இது வல்லம்’னு தெரியிற சவிகற்பம்னு ரெண்டாப் பிரிக்கும், சந்தேகத்தக் காட்சிக் கணக்குலயே சேக்காது.

கடைசியா ஒரு சிப்பி எடுத்துக்கங்க. உள்பக்கம் வெயில்ல மின்னும்போது வெள்ளின்னு நெனச்சா அந்த வெள்ளி எங்க இருந்து வந்துச்சு? வேற எடத்துல பாத்த வெள்ளிதான் இங்க தோணுதுன்னு நியாயம் சொல்லும். இருக்குன்னும் சொல்ல முடியாது இல்லன்னும் சொல்ல முடியாதுன்னு அத்வைதம் சொல்லும். பிரபாகரர் வழி வந்த மீமாஞ்சகரோ (வேதச் சடங்க ஆராயுற தரிசனக்காரங்க) பிழையே இல்ல, கண்டதுக்கும் நெனப்புக்கும் வித்தியாசம் தெரியாமப் போச்சு, அவ்வளவுதான்னு சொல்லுவாங்க. இந்து தரிசனத்துக்குள்ளயே இத்தன பேச்சு இருக்கதால ‘இந்துக் கருத்து’ன்னு ஒரே தலைப்பு போடாதீங்க, பேர் சொல்லி எழுதுங்க. ஜைனர் இத ஒண்ண இன்னொண்ணா மாத்திக் காணுறதுன்னு சொல்றாங்க, அதாவது கண்ணு விசயத்துல நியாயத்தோட அப்படி மோதினவங்க சிப்பி விசயத்துல அதுக்குப் பக்கத்துலயே வந்து நிக்கிறாங்க.