பண ஆசைக்கு ஒரு நோட்டு: சங்கல்பம் செய்யும் முறை

'எண்ணிய எண்ணியாங்கு எய்துப' என்ற பாதியை மட்டும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு, 'எண்ணியார் திண்ணியர் ஆகப் பெறின்' என்ற மீதியை விட்டுவிடுகிறோம். நிபந்தனையே அந்த மீதியில்தான் இருக்கிறது. 666ஆம் குறளான இது வருவது வினைத்திட்பம் அதிகாரத்தில். இரண்டு குறள் முன்னால், 664இல், சொல்வது யாருக்கும் எளிது, சொன்னபடி செய்வதுதான் அரிது என்கிறார் வள்ளுவர். நினைத்தால் பணம் வரும் என்று நம்புகிறவர்கள் இரண்டையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

எண்ணத்தைப் பயிற்சியாகவே வகுத்துக் கொடுத்தவர் வேதாத்திரி மகரிஷி. 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கியவர். அவருடைய பயிற்சிமுறையான மனவளக்கலையைக் கற்றுத்தரும் மன்றங்களில், தவம் (தியானம்) முடித்து மன உறுதியோடு சொல்லும் வாக்கியம்தான் சங்கல்பம். அதில் ஐந்து கேட்கப்படும்: உடல்நலம், நீளாயுள், நிறைசெல்வம், உயர்புகழ், மெய்ஞ்ஞானம். மூன்றாவதாக வருவது பெருஞ்செல்வம் இல்லை, நிறைசெல்வம். எவ்வளவு இருந்தால் நிறையும் என்று தெரியாதவர் அதைக் கேட்கவே முடியாது. அதனால்தான் அந்தப் பாடத்திட்டத்தில் எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், கவலை ஒழித்தல் என்று தனித்தனி அகத்தாய்வுப் பயிற்சிகள், அதாவது தன்னைத் தானே ஆராயும் பயிற்சிகள், இருக்கின்றன. பணத்துக்காக வருகிறவர்கள் பெரும்பாலும் இவற்றைத் தாண்டிக் குதித்து நேரே சங்கல்பத்துக்குப் போய்விடுகிறார்கள். தவறு தொடங்குவது அங்கேதான். கீழே உள்ளது அந்தப் பயிற்சிகளைப் பண விஷயத்துக்கு மட்டும் பொருத்திய முறை.

தேவைப்படுவது ஒரு 80 பக்கக் கோடு போட்ட நோட்டு, ஒரு பேனா, காலையில் 20 நிமிஷம், இரவில் 10 நிமிஷம். காலம் ஒரு மண்டலம், அதாவது 48 நாள். போனில் எழுத வேண்டாம். எழுத எடுத்த போனில் ஒரு மெசேஜ் வரும். அதோடு அன்றைய பயிற்சி முடிந்தது.

ஆசையைக் கொட்டுங்கள், பிறகு ஊர் விசாரியுங்கள்

முதல் மூன்று நாள் எழுதுவது மட்டும்தான் வேலை. பணம் சம்பந்தப்பட்ட எல்லா ஆசையையும் ஒரு வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். அடகில் இருக்கும் நகை, மகனுக்கு லேப்டாப், புது பைக், மச்சினன் வீட்டைவிட ஒரு மாடி கூடுதலாகக் கட்டுவது என எதுவானாலும் சரி. வெட்கப்பட்டு எதையும் விடாதீர்கள். எழுதாமல் விட்ட ஆசைதான் தீபாவளி நேரத்தில் கிரெடிட் கார்டை உரசும். 20 வரிக்குக் குறைவாக இருந்தால் இன்னும் மறைக்கிறீர்கள் என்று அர்த்தம்.

நான்காம் நாள் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள். எண்ணம் தோன்றும் காரணங்களை மகரிஷி ஆறாகப் பிரித்தார்: தேவை, பழக்கம், சூழ்நிலை நிர்ப்பந்தம், பிறர் மனத்தூண்டுதல், கருவமைப்பு, தெய்வீகம். பள்ளிக் கட்டணம் தேவை. வேலை விட்டு வரும்போதெல்லாம் பேக்கரியில் 80 ரூபாய்க்கு எதையாவது வாங்குவது பழக்கம். அட்சய திருதியைக்கு ஊரே கடையில் நிற்கிறதே என்று கால் கிராம் வாங்கப் போவது சூழ்நிலை நிர்ப்பந்தம். பக்கத்து வீட்டு 55 அங்குல டிவி பிறர் மனத்தூண்டுதல், இதற்கு விளக்கம் வேண்டாம். கருவமைப்பு என்பது பெற்றோர் வழியாக வந்த பதிவு. கையில் பணம் இருந்தும் செலவு செய்யக் கை நடுங்குவது, அல்லது வந்ததையெல்லாம் அன்றே கரைப்பது, இரண்டும் அப்பாவிடமோ தாத்தாவிடமோ பார்த்ததாகவே இருக்கும். தெய்வீகம் என்பது தனக்கு லாபம் இல்லாமல் பிறர் நலனுக்காக எழும் எண்ணம். பட்டியலில் அப்படி ஒன்று இருந்தாலே அதிசயம். இல்லையென்று வலிந்து சேர்க்க வேண்டாம்.

இந்தக் குறிப்பு முடிந்தாலே பட்டியலில் நிறைய வரிகளின் மேல் இருந்த பிடி தளர்ந்துவிடும். அந்த வரிகளைக் கோடு போட்டு அடிக்காமல் அப்படியே விட்டுவைத்தால் போதும்.

மூன்று கேள்வியும் ஒரு கணக்கும்

மிஞ்சிய ஒவ்வொரு ஆசையிடமும் மூன்று கேள்வி: தேவையா? என் அளவுக்குள் இருக்கிறதா? நிறைவேறினால் விளைவு என்ன? இரண்டாவது கேள்விக்கு 'இருக்கும்' என்று மனம் சொல்லும் பதிலை ஏற்காதீர்கள். அங்கே எண் வர வேண்டும்.

வீட்டு வருமானம் மாதம் 32,000. நகைக்கடன் 1,20,000, வட்டி நூற்றுக்கு மாதம் 1 ரூபாய். மாதம் 6,000 ஒதுக்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் வட்டிக்கு 1,200 போக, அசலில் 4,800 குறையும். அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்து, 22 மாதம் முழுத் தவணையும் 23ஆம் மாதம் கொஞ்சமுமாகக் கடன் முடியும். தையில் தொடங்கினால் மறு வருஷம் கார்த்திகை. நகைக்கடன் பெரும்பாலும் ஒரு வருஷத்தில் திருப்ப வேண்டியதாக இருக்கும். ஆகவே 12ஆம் தவணை கட்டியபின் மீதி நிற்கும் சுமார் 59,000 ரூபாய்க்குப் புதுப்பிக்க வேண்டிவரும். அதையும் நோட்டில் இன்றே எழுதிவைத்தால் அப்போது பதற்றம் வராது.

அந்த 6,000 எங்கிருந்து வரும்? 478ஆம் குறள் சொல்வது இதைத்தான்: வருகிற வழி சிறிதாக இருந்தாலும் கேடில்லை, போகிற வழி அகலாவிட்டால். பேக்கரி 80 ரூபாய், மாதம் 25 நாளைக்கு 2,000. மூன்றில் ஒரு பங்கு அங்கேயே கிடைத்துவிட்டது.

48 நாளுக்கு ஒரே ஒரு ஆசையைத் தேர்ந்தெடுங்கள். ஐந்தை ஒன்றாகச் சங்கல்பம் செய்கிறவருக்கு ஐந்தாம் நாள் எது முதலில் என்ற சண்டை மனதுக்குள்ளேயே தொடங்கிவிடும்.

சொல்லைக் கோர்ப்பது

வாக்கியம் சின்னதாக இருக்கட்டும். 'கடன் தொல்லை ஒழிய வேண்டும்' என்று சொன்னால், நாள் முழுக்க நாக்கில் நிற்பது கடனும் தொல்லையும்தான். 'மறு வருஷம் கார்த்திகைக்குள் நகை வீட்டுக்கு வரும். மாதம் 5ஆம் தேதி 6,000 கட்டுகிறேன்' என்று எழுதுங்கள். முன்பாதி எண்ணம், பின்பாதி வினை. பின்பாதி இல்லாத வாக்கியத்தைச் சங்கல்பம் என்று சொல்ல முடியாது, அது வெறும் ஆசைதான்.

பின்பாதிக்கு ஆய்வு ஆதரவும் உண்டு. நியூயார்க் பல்கலைக்கழக உளவியலாளர் காப்ரியேல் ஓட்டிங்கனும் அவருடன் ஆய்வு செய்தவரும், வேலை தேடும் பட்டதாரிகளைத் தொடர்ந்து கவனித்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். நல்ல வேலை கிடைத்துவிட்டதாக அடிக்கடி இனிமையாகக் கற்பனை செய்தவர்களுக்கு வேலை அழைப்பும் சம்பளமும் குறைவாகவே இருந்தன. கிடைத்துவிட்டது போன்ற சுகத்தைக் கற்பனையே கொடுத்துவிட்டால், முயற்சி தளர்ந்துவிடுகிறது. காலையில் 3, மதியம் 6, இரவில் 9 முறை ஆசையை எழுதச் சொல்லும் இணைய முறைகளின் ஓட்டையும் இதுதான். நாளுக்கு 18 முறை எழுதுகிறவர் ஒரு முறைகூடப் பாஸ்புக்கைத் திறப்பதில்லை.

உட்காரும் விதம்

காலை, வெறும் வயிறு, முதுகு நேராக. மன்றத்தில் ஆசிரியரிடம் தீட்சை பெற்றவர்கள் ஆக்கினைத் தவம், அதாவது புருவ மத்தியில் மனதை வைக்கும் தவம், செய்யலாம். தலை பாரமாகத் தெரிந்தால், முதுகெலும்பின் அடியில் மனதை வைக்கும் சாந்தித் தவத்துக்கு இறங்குங்கள். தீட்சை இல்லாதவர்கள் புத்தகம் பார்த்து ஆக்கினையில் மனதை ஊன்ற வேண்டாம். மூச்சு போய் வருவதைக் கவனித்தால் போதும். 15 நிமிஷம்.

சங்கல்பம் ஏன் கடைசியில் வருகிறது? பரபரப்பான மனம் விநாடிக்கு 14 முதல் 40 சுழல் வரையிலான பீட்டா என்ற மூளை அலையில் இருக்கிறது, தவத்தில் 8 முதல் 13க்கு இறங்கி ஆல்ஃபாவுக்கு வருகிறது, அப்போது போடும் எண்ணம் ஆழப் பதிகிறது என்பது மன்றத்தில் சொல்லித்தரும் விளக்கம். அதனால் உட்கார்ந்தவுடன் சங்கல்பத்தை ஆரம்பிக்காதீர்கள். மூச்சு தானாக மெலிந்த பிறகு மூன்று முறை, மெதுவாக. கோபத்தோடு எழுந்த காலையில் சங்கல்பத்தை விட்டுவிட்டு மூச்சை மட்டும் கவனியுங்கள். அன்று சொன்னால் சபதமாகிவிடும்.

முடித்ததும் வாழ்த்து. வாழ்க்கைத்துணை, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், நண்பர்கள், உடன் வேலை செய்கிறவர்கள் என்று ஒவ்வொரு வட்டமாக விரிந்து, பகை கொண்டவர்கள் வரை வந்து, வையகத்தில் முடியும். ஒவ்வொருவரையும் முகமாக நினைத்து 'வாழ்க வளமுடன்'. ழகரத்தை நாக்கை மடித்து முழுதாகச் சொல்லுங்கள். அந்த ஒலி பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுவதாக மன்றத்தில் சொல்வார்கள். அதை நம்பினாலும் நம்பாவிட்டாலும், 'வாள்க' என்று வாழ்த்துவது நன்றாக இல்லை.

பணம் வாங்கித் திருப்பித் தராதவரை வாழ்த்துவதுதான் கஷ்டமான இடம். அங்கே பலரும் தாண்டிவிடுகிறார்கள், அல்லது வாழ்த்திவிட்டதால் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் தப்பு. வாழ்த்துங்கள், 10 மணிக்கு போன் போட்டுக் கேளுங்கள். வாழ்த்திய நாளில் குரல் உயராது, அதுவே பாதி வசூல்.

இரவுப் பக்கம்

இரவு 10 நிமிஷத்தில் இரண்டே வேலை. அன்றைய செலவை எழுதி, எந்தச் செலவு ஆறு காரணங்களில் எதிலிருந்து வந்தது என்று ஓர் எழுத்தில் குறிப்பது முதல் வேலை. மூன்றாம் வாரத்தில் ஒரே எழுத்து வரிசையாக நிற்பது கண்ணில் படும். 'ப' நிறைய இருந்தால் பழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும், சங்கல்பத்தை இல்லை. மனத்தூண்டுதலுக்கு 'ம' போடுங்கள், குழப்பம் வராது.

இரண்டாவது, கவலையைப் பிரிப்பது. மகரிஷி வகுத்த நான்கு கட்டம்: அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. போன வருஷம் நஷ்டத்தில் விற்ற நிலம் முதல் கட்டம். மகள் கல்யாணச் செலவு, அவள் எட்டாம் வகுப்பில் இருந்தால், இரண்டாவது. சொந்தக்காரர் பேச்சு மூன்றாவது. கடன் செயலிக்காரர் போட்டோவை அனுப்பிவிடுவேன் என்று மிரட்டினால் அது நான்காவது; தவத்தில் உட்காராமல் இணையக் குற்றப் புகார் எண்ணான 1930க்கு போன் போடுங்கள். 'பண ஈர்ப்பு' என்று 9,999 ரூபாய்க்கு வகுப்பு விற்கிறவர் கூப்பிட்டால் மூன்றாம் கட்டத்தில் எழுதிவிட்டு அடுத்த பக்கம் போங்கள்.

நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் மண்டலம் முறிந்ததென்று முதலிலிருந்து தொடங்க வேண்டாம். விட்ட தேதிக்கு எதிரே காரணத்தை எழுதினால் போதும். 49ஆம் நாள் முதல் பட்டியலை எடுத்து, பச்சைப் பேனாவால் மறுபடி மூன்று கேள்வி கேளுங்கள். அன்றைக்குள் 5ஆம் தேதி ஒரு முறையாவது வந்திருக்கும். 6,000 கட்டியிருந்தால் ரசீதை அந்தப் பக்கத்திலேயே பின் செய்யுங்கள். கட்டவில்லை என்றால் ஆசையை மாற்றாமல் தொகையை மாற்றுங்கள்: 4,000 என்று எழுதி, 23க்குப் பதில் எத்தனை மாதம் ஆகும் என்று கணக்குப் போட்டு, வாக்கியத்தில் கெடுவையும் திருத்திவிட்டு மறுநாள் காலை உட்காருங்கள்.