அம்பாசிடர் கிராங்க்ல ஸ்ட்ரோக் கூட்டுன கதை

நம்ம பழைய 1489 சிசி அம்பாசிடர் இன்ஜின்ல ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலயும் கீழயும் போற தூரம், 88.9 மிமீ. கிராங்க்ல கனெக்டிங் ராடு மாட்டுற உருளை, அதான் கிராங்க் பின், தேஞ்சு போச்சு, எப்படியும் கிரைண்டிங் போகணும், சரி நடுவுல வச்சு அரைக்காம கிராங்க் சுத்துற நடு அச்சு (மெயின்) பக்கமா இருக்கற உள்பக்கத்த மட்டும் அரைங்கன்னு சொல்லிட்டேன், 40 தவ் (ஒரு தவ்னா இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு) சின்ன விட்டத்துக்கான அண்டர்சைஸ் பேரிங் போடுற அளவுக்கு. கிராங்க் பின்னோட சென்டர் அரை மிமீ வெளிய நகரும், ஸ்ட்ரோக் ஒரு மிமீ கூடும், கிட்டத்தட்ட 1506 சிசி.

மொத தடவ மாட்டிப் பாத்தப்ப பிஸ்டன் பழைய இடத்த விட அரை மிமீ மேல ஏறி நின்னுச்சு, நாலு பிஸ்டன் தலையையும் அந்தளவு கடஞ்சு எடுத்தேன். கிராங்க் பின்னோட ஓரத்துல இருக்கற வளைவ மட்டும் கூர்மையா விட்றாதீங்க, கிராங்க் அங்கதாங்க முறியும். ஆயில் ஓட்டை விளிம்பையும் மழுக்கி, பேலன்ஸ் பாத்துதான் மாட்டுனேன்.