புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு கால்பந்து லீகைப் பின்தொடர்வது எப்படி?

பிரான்சுடன் உறவு இன்னும் அறுபடாத புதுச்சேரியிலிருந்து அந்நாட்டுக் கால்பந்து அணி ஒன்றின் பருவத்தை முழுமையாகப் பின்தொடர விரும்புவோர், முதலில் நேரக் கணக்கைச் சரிசெய்துகொள்ள வேண்டும். பாரிசில் இரவு 9 மணிக்குத் தொடங்கும் ஆட்டம், அங்கே கோடைக்கால நேரம் நடப்பில் இருக்கும்போது நமக்கு நள்ளிரவு 12.30 மணிக்கும், அக்டோபர் இறுதியில் கடிகாரம் பின்தள்ளப்பட்ட பிறகு 1.30 மணிக்கும் வருவதால், நாட்காட்டியில் மறுநாள் தேதியிலேயே அதைக் குறித்துவையுங்கள்.

2023-24 பருவம் முதல், பிரான்சின் உச்சநிலைக் கால்பந்துப் போட்டியான லீக் 1-இல் 18 அணிகள் ஆடுகின்றன. ஒவ்வோர் அணிக்கும் 34 ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளிகள், சமனுக்கு 1.

புள்ளிப் பட்டியலை மட்டும் நம்பாமல், சொந்த மைதான முடிவுகளையும் வெளியூர் முடிவுகளையும் ஒரு குறிப்பேட்டில் தனித்தனியே எழுதிவாருங்கள்; அணியின் உண்மையான வலிமை அங்கேதான் தெரியும். புள்ளிகள் சமமானால் கோல் வித்தியாசமே (அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்தது) முதலில் பார்க்கப்படும் என்பதால், தோல்வி உறுதியான ஆட்டத்தின் கடைசி நிமிடங்களும் முக்கியமானவை. பட்டியலின் அடிப்பகுதியைக் கட்டாயம் கவனியுங்கள்: என் பார்வையில் அது மேற்பகுதியைவிட விறுவிறுப்பானது. கடைசி இரண்டு அணிகள் நேராக அடுத்த நிலைப் போட்டியான லீக் 2-க்கு இறங்கிவிட, 16-ஆம் இடத்து அணியோ அங்கிருந்து மேலேற முயலும் அணியை இரண்டு ஆட்டங்களின் கூட்டுக் கோல் கணக்கில் வென்றால்தான் தன் இடத்தைக் காத்துக்கொள்ள முடியும்.