வயிற்றில் பெல்ட் கட்டியாச்சு, கையை எடுத்துவிடாதீர்கள்

லேபர் வார்டில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "கிராஃபில் கோடு ஏறவே இல்லையே, வலி கம்மிதான்." படுத்திருப்பவளோ பல்லைக் கடித்தபடி கட்டில் கம்பியைப் பிடித்திருப்பாள். நான் அவளைத்தான் நம்புவேன்.

அந்த கிராஃபை வரைவது சிடிஜி மெஷின், பிரசவ நேரத்தில் குழந்தையின் துடிப்பையும் தாயின் வலியையும் பதிவு செய்வது. அதில் பெல்ட்டால் வயிற்றில் கட்டும் இரண்டு உணரிகள். ஒன்று குழந்தையின் இதயத் துடிப்புக்கு, இன்னொன்று கர்ப்பப்பை இறுகுவதைப் பார்க்க. இந்த இரண்டாவதைத்தான் டோகோ என்கிறார்கள். வலி வரும்போது வயிறு கல்லாகி டோகோவை வெளியே தள்ளும், கோடு ஏறும். அவ்வளவுதான் அதன் வேலை. உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று அதற்குத் தெரியாது. பெல்ட் தளர்ந்தால் கோடு குட்டை, இறுக்கினால் நெட்டை. வயிற்றில் கொழுப்பு அதிகமென்றால் பலமான வலிகூட சின்ன மேடாகத்தான் விழும். எத்தனை வலி, எவ்வளவு நேரம் என்று அதனிடம் கேட்கலாம். எவ்வளவு பலம் என்று கேட்கக் கூடாது. வலியின் பலத்தை எண்ணில் சொல்லும் மான்டிவிடியோ யூனிட் கணக்கு கர்ப்பப்பைக்குள் குழாய் வைத்து அளப்பதற்கானது. அதை பெல்ட் கிராஃபில் போட்டுப் பார்ப்பது வீண் வேலை.

இந்தக் குழப்பம் ஆபத்தாக மாறுவது, வலியைக் கூட்டும் மருந்தான ஆக்ஸிடோசின் டிரிப் ஓடும்போது. டோகோ நழுவிக் கோடு தட்டையாகிவிடும். வலி வரவில்லை என்று நினைத்து டிரிப்பைக் கூட்டிவிடுவார்கள். உள்ளே கர்ப்பப்பை ஓயாமல் இறுகிக்கொண்டிருக்கும். 30 நிமிடம் பார்த்து, சராசரியாக 10 நிமிடத்துக்கு 5 வலிக்கு மேல் போனால் அது அதிகம். இரண்டு வலிக்கு நடுவே கர்ப்பப்பை தளர்ந்தால்தான் குழந்தைக்கு ஆக்ஸிஜன் சரியாகப் போகும். அதனால் டிரிப்பைத் தொடுவதற்கு முன்னால் வயிற்றைத் தொடுங்கள். கர்ப்பப்பையின் மேல் முனையில் விரல்களை வைத்து 10 நிமிடம் இருங்கள். மூக்கு நுனி போல அமுங்கினால் லேசான வலி, தாடை போல என்றால் நடுத்தரம், நெற்றி போல இருந்தால் பலமானது.

டோகோவை வைக்கும் இடமும் அந்த மேல் முனைக்குப் பக்கத்தில்தான், தொட்டால் அதிகம் இறுகும் இடத்தில். தொப்புளுக்குக் கீழே கட்டிவிட்டு மெஷினைக் குறை சொல்வதில் பயனில்லை. ஜெல் இதய உணரிக்கு மட்டும். டோகோவில் தடவினால் வழுக்கும். பூஜ்யம் செய்யும் பட்டனை வயிறு தளர்ந்திருக்கும்போதே அழுத்த வேண்டும். வலியின் நடுவே அழுத்தினால், வலி இல்லாதபோது கோடு நிற்க வேண்டிய அடிமட்டமே தப்பாகிவிடும், அப்புறம் வரும் மேடுகளையும் நம்ப முடியாது.

கோடு நன்றாக வரட்டும் என்று தாயை மல்லாக்கப் படுக்க வைப்பதும் நடக்கிறது. கர்ப்பப்பையின் எடை பெரிய ரத்தக் குழாய்களை அமுக்கும், ரத்த அழுத்தம் இறங்கும். இடப்பக்கம் சாய்ந்தோ, சாய்ந்து உட்கார்ந்தோ இருக்கட்டும். திரும்பிப் படுத்ததும் பெல்ட்டை ஒருமுறை சரிசெய்தால் போதும்.

கூட இருப்பவர்கள் கடிகாரம் பார்த்து எண்ணுவதாக இருந்தால், ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்த வலி தொடங்கும்வரை எண்ணுங்கள். முடிந்ததிலிருந்து எண்ணினால் இடைவெளி குறைவாகத் தெரியும், வீண் பதற்றம்.