பத்துமலைத் தைப்பூசத்துக்குப் போகும் மதுரைக்காரர்களுக்கு: நெரிசலில் சிக்காமல் இருக்கும் வழி

"அழகர் ஆத்துல இறங்குற கூட்டத்தையே பார்த்தாச்சு, அங்க என்ன பெருசா இருக்கப்போகுது?" தைப்பூசத்துக்காக மலேசியா கிளம்பும் நம்மூர்க்காரர்கள் இப்படிச் சொல்லும்போது எனக்குக் கவலையாக இருக்கும். இங்கே நம்மைக் காப்பாற்றுவது ஊர்ப் பழக்கம். கோரிப்பாளையத்தில் நெருக்கினால் செல்லூர்ப் பக்கம் விலகுவோம், யானைக்கல்லில் நெருக்கினால் சிம்மக்கல் பக்கம் ஒதுங்குவோம். அப்படி இருந்தும் 2022 சித்திரைத் திருவிழாவில் வைகை நெரிசலில் இரண்டு உயிர்கள் போயின. பத்துமலையில் அந்தப் பழக்கம் நமக்குக் கிடையாது. அதனால் விலகும் வழியை முன்கூட்டியே தேடி வைத்துக்கொள்ள வேண்டும்.

படி 1: வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

நகைகளை மதுரையிலேயே விட்டுவிடுங்கள். தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டால் போதும். பாஸ்போர்ட்டை உடைக்குள் கட்டும் தட்டையான பையில் வையுங்கள். நகல் ஒன்று அறையில், படம் ஒன்று மின்னஞ்சலில் இருக்கட்டும். தொலைந்தால் முதலில் போலீஸில் புகார் கொடுத்து அதன் நகலை வாங்குங்கள். அதை எடுத்துக்கொண்டு கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டும்.

படி 2: கூட்டம் சேரும் முன்பே இடத்தைப் பாருங்கள்

கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பே, இரவில் புறப்பட்டுவிடும். அதற்கும் ஒரு நாள் முன்னதாக ஒருமுறை பத்துமலைக்குப் போய் வாருங்கள். ரயில் நிலையம் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நிலையத்திலிருந்து படிக்கட்டு வரை நடந்து பாருங்கள். எந்த இடத்தில் வழி குறுகுகிறது, எந்தப் பக்கம் வெளியேறலாம், முதலுதவிக் கூடாரம் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிந்துபோனால் சந்திக்க ஓர் இடம் பேசி வையுங்கள். 140 அடி முருகன் சிலையடி வேண்டாம், எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். கூட்டத்துக்கு வெளியே சாலையோரக் கடை ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மேலே போக 272 படிகள், செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ள பெரியவர்களைத் திருவிழா நாளில் ஏற்றாதீர்கள். வேறொரு நாள் நிதானமாகக் கூட்டிப் போகலாம், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

படி 3: போன்

கூட்டம் கூடினால் அழைப்பு போகாமல் திணறும். வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். குழந்தைகளின் கையில் உங்கள் எண்ணையும் தங்கும் விடுதியின் பெயரையும் பேனாவால் எழுதிவிடுங்கள். அவசர எண் 999. அங்கே தமிழ் பேசுகிறவர்கள் நிறைய இருப்பார்கள், தயங்காமல் உதவி கேளுங்கள்.

படி 4: நெருக்கம் கூடும்போது

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். 2022 அக்டோபர் 29 அன்று தென்கொரியாவின் சியோலில், மூன்று மீட்டரைச் சற்றே தாண்டும் அகலமுள்ள ஒரு சரிவான சந்தில் ஏற்பட்ட நெரிசல் 159 உயிர்களைப் பறித்தது. இப்படிப்பட்ட நெரிசலில் பலர் மிதிபட்டு இறப்பதில்லை. மார்பு விரிய இடமில்லாமல், நின்ற நிலையிலேயே மூச்சு முட்டிப் போகிறார்கள்.

ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் நின்றாலே ஆபத்து நெருங்குகிறது. இதைக் கண்டுபிடிக்க எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. இரு தோளிலும் ஆள் இடிக்கிறதா, கையைத் தூக்கி முகத்தைத் தொட முடியவில்லையா, நீங்கள் அடி வைக்காமலே உடம்பு நகர்கிறதா? முதல் அறிகுறியிலேயே விலகுங்கள். மூன்றாவது வந்துவிட்டால் விலகுவது உங்கள் கையில் இல்லை.

சிக்கிவிட்டால் இரு கைகளையும் மடக்கி மார்புக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் பிடியுங்கள். ஒரு காலை முன்னால் வைத்து நில்லுங்கள். எதிர்த்துத் தள்ளாதீர்கள், கத்தி மூச்சை வீணாக்காதீர்கள். கூட்டம் ஆடி அடங்கும் இடைவெளியில் குறுக்குச் சாய்வாக ஓரம் நோக்கி ஓரிரு அடி நகருங்கள். ஆனால் சுவரையோ தடுப்புக் கம்பியையோ ஒட்டி நின்றால் நசுங்கிவிடுவீர்கள். செருப்பு, போன், கண்ணாடி எது விழுந்தாலும் குனியாதீர்கள். குழந்தையை முன்பக்கமாக, மார்போடு உயர்த்திப் பிடியுங்கள். கீழே விழுந்து எழ முடியவில்லை என்றால் ஒருக்களித்துச் சுருண்டு தலையைக் கைகளால் மூடுங்கள்.

காவடி வரும்போது வழிவிடுங்கள். படிக்கட்டில் நின்று செல்ஃபி எடுக்க வேண்டாம். உங்களால் பின்னால் ஏறுகிறவர்கள் எல்லோரும் தேங்கிவிடுவார்கள்.

படி 5: திரும்பும்போது

ரயில் நிலையத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து குவிவார்கள். நடைமேடை நிரம்பியிருந்தால் வெளியிலேயே உட்கார்ந்து தண்ணீர் குடித்து, அடுத்தடுத்த ரயில்கள் போகட்டும் என்று காத்திருங்கள். சாலையில் நடப்பதாக இருந்தால் பையை வண்டிகள் போகாத பக்கத் தோளில் மாட்டுங்கள். பைக்கில் வந்து பறிப்பது கோலாலம்பூரில் நடக்கிற திருட்டு. பறித்துவிட்டால் இழுத்துப் போராடாதீர்கள், பையை விட்டுவிடுங்கள்.