சர்க்கரை சேர்க்காமல் நேந்திரம் பழம் பேக் செய்கிறீர்களா? கெடுவது இங்கேதான்

கோயம்புத்தூர், ஈரோடு பக்கம் நிறைய வீடுகளில் ஓடிஜி (கேக் சுடும் சிறிய மின் அடுப்பு) இருக்கிறது. வாங்கிய புதிதில் கேக் சுட்டிருப்பார்கள், அப்புறம் அதன் மேல் துணி விரித்து ஊறுகாய் பாட்டில் அடுக்கியிருப்பார்கள். அதைத் திரும்ப எடுக்க வைக்கிற பண்டம் இது: நேந்திரம் பழம், சுக்கு, ஏலக்காய், கொஞ்சம் நெய், மேலே தேங்காய்த் துருவல். இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று தோன்றும், இருக்கிறதுங்க.

முதலில் பழம். தோல் மஞ்சளாகிவிட்டாலே பழுத்துவிட்டது என்று எடுத்துவிடுகிறார்கள். பூவனுக்கு அது சரி, நேந்திரத்துக்கு ஆகாது. மஞ்சளாக இருக்கும்போதே உள்ளே மாவுச்சத்து நிறைய மிச்சம் இருக்கும், அப்படியே ஓடிஜியில் வைத்தால் அவித்த கிழங்கு மாதிரிதான் வரும், பிறகு "இனிப்பே இல்லையே" என்று சர்க்கரை டப்பாவைத் தேட வேண்டியதுதான். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் வேலை பழம் பழுக்கிற நாட்களிலேயே முடிந்திருக்க வேண்டும், ஓடிஜி அதைச் செய்து தராது. தோலில் கரும்புள்ளி விழுந்து, தொட்டால் இளகி, பக்கத்தில் போனாலே வாசம் வர வேண்டும். மேட்டுப்பாளையத்துத் தோட்டத்துக் காயாகவே இருக்கட்டும், "நாளைக்குப் பழுத்துடுங்க" என்று கடைக்காரர் சொல்வதை நம்பி நோம்பிக்கு (பண்டிகைக்கு) முதல் நாள் வாங்காதீர்கள். நாலைந்து நாள் முன்னதாகவே வாங்கி வெளியில் வையுங்கள். பிரிட்ஜில் வேண்டாம், குளிரில் பழுப்பது நின்றுபோகும், ஆனால் தோல் மட்டும் கறுத்து நம்மை ஏமாற்றும்.

அடுத்தது நம்ம ஊருக்கே உரிய தவறு. "அஸ்கா (வெள்ளைச் சர்க்கரை) போடலைங்க, கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரைதான் ரெண்டு ஸ்பூன்" என்பார்கள். அதுவும் கரும்புச்சாறு காய்ச்சியதுதானே? நிறமும் மணமும் வேறு, சர்க்கரை சர்க்கரைதான். தேன், கருப்பட்டி, பேரீச்சை சிரப் எதற்கும் விலக்கு கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட சர்க்கரை பற்றிய வழிகாட்டுதல், தேனையும் சிரப்பையும் பழச்சாற்றையும்கூட வெள்ளைச் சர்க்கரையோடு ஒரே கணக்கில்தான் வைக்கிறது. உலர் திராட்சையை அள்ளிப் போடுவதும் கிட்டத்தட்ட இதே கதை, அதன் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. அப்புறம், சுகர் இருக்கிற ஒரம்பரைக்கு (விருந்தாளிக்கு) "இதில் சர்க்கரையே போடலை, தைரியமா சாப்பிடுங்க" என்று இரண்டாவது தடவை பரிமாறாதீர்கள். நன்றாகப் பழுத்த பழம், இனிப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. அவர்களுக்குப் பாதிப் பழம் போதும்.

சர்க்கரை இல்லையே என்ற பயத்தில் மசாலாவைக் கூட்டினால் கசப்புதான் மிஞ்சும். மூன்று பழத்துக்கு ஏலக்காய் மூன்று, சுக்குப் பொடி கால் டீஸ்பூன், கிராம்பு ஒன்றே ஒன்று. பட்டை போடுவதாக இருந்தால் பிரியாணிக்குப் போடும் தடித்த பட்டை வேண்டாம், மெல்லிய ஏடு ஏடாகச் சுருண்டிருக்கும் இலங்கைப் பட்டையில் ஒரு சிட்டிகை. பொடியை அப்படியே பழத்தின் மேல் தூவினால் கருகும். ஒரு ஸ்பூன் உருக்கிய நெய்யில் குழைத்துத் தடவுங்கள், மசாலா வாசம் கொழுப்பில் நன்றாக இறங்கும். உப்பு ஒரு சிட்டிகை சேருங்கள், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், பழத்தின் இனிப்பை எடுத்துக் காட்டுவது அதுதான்.

சூடு விஷயத்துக்கு வருவோம். கடைசி வரை ஃபாயில் மூடியே வைத்தால் பழம் தன் ஆவியிலேயே வெந்து கொழகொழவென்று ஆகிவிடும். ஆரம்பத்திலிருந்தே திறந்து வைத்தால் மேலே வறண்டு நடுவில் சூடே ஏறியிருக்காது. 180 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கி, நீளவாக்கில் பிளந்த பழத்தை வெட்டிய பக்கம் மேலே இருக்கும்படி, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் அடுக்கி, 15 நிமிடம் மூடியும் பிறகு 10 நிமிடம் திறந்தும் வைத்தால் போதும். அந்தத் திறந்த 10 நிமிடத்தில்தான் ஈரம் வற்றி இனிப்பு திரண்டு ஓரம் சிவக்கும். ஆகவே தண்ணீர், ஜூஸ் எதுவும் ஊற்றாதீர்கள். தேங்காய்த் துருவல் கடைசி ஐந்து நிமிடத்துக்குத்தான், முன்பே போட்டால் கரிதான். ஆப்பிள், ஊட்டிப் பேரிக்காயில் செய்தால் மட்டும் அடியில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டு, மூடி வைக்கும் நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். சாதா மைக்ரோவேவில் சிவக்காது, சூடான காற்று சுழலும் கன்வெக்‌ஷன் வேண்டும்.

எடுத்ததும் வாயில் வைத்தால் நாக்கு வெந்துவிடும், பிரிட்ஜிலிருந்து எடுத்துச் சாப்பிட்டால் இனிப்பு மட்டுப்பட்டுத் தெரியும். கைபொறுக்கும் சூட்டில் கெட்டித் தயிரோடு சாப்பிடுங்கள். மீந்தால் மறுநாள் தோசைக்கல்லில் மூடிபோட்டு லேசாகச் சூடாக்கினால் போதும், அதற்காக ஓடிஜியை மறுபடி மூட்ட வேண்டாம்.