மேட்டிலும் பள்ளத்திலும் தொலைதூர ரைஃபிள் சுடுதல்: சரிவுக் கோணத்தைக் கணக்கிடுவது எப்படி

மலைச் சரிவில் மேல்நோக்கிச் சுட்டாலும் சரி, கீழ்நோக்கிச் சுட்டாலும் சரி, கோணத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் தோட்டா குறிக்கு மேலேதான் போகும். புதிதாகக் கற்பவர்கள் இதை எளிதில் நம்புவதில்லை. மேலே சுட்டால் தோட்டா சீக்கிரம் விழும், கீழே சுட்டால் தாழ்ந்து போகும் என்றுதான் மனது சொல்லும். இரண்டு பக்கமும் பிழை ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவில் வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ராக்கி மலைகள், ஆல்ப்ஸ், நியூசிலாந்தின் தெற்குத் தீவு போன்ற இடங்களில் உரிமத்தோடு வேட்டையாடுபவர்களுக்கும், மலைப்பாங்கான களங்களில் இரும்புத் தகடு சுடும் போட்டியாளர்களுக்கும் இது அன்றாடத் தேவை. சமதளத்தில் 100 மீட்டரில் ஜீரோ செய்யவும் (குறிவைத்த இடத்திலேயே தோட்டா படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்யவும்), ஸ்கோப்பில் மில் கணக்கில் டயல் சுற்றவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒரு மில் என்பது 100 மீட்டரில் 10 செ.மீ., 600 மீட்டரில் 60 செ.மீ.

முதலில் காரணம்

சுவரில் சாய்த்து வைத்த ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏணியின் நீளம்தான் உங்களுக்கும் குறிக்கும் இடையே உள்ள சாய்வுத் தூரம். ஏணியின் அடிக்கும் சுவருக்கும் இடையே தரையில் அளக்கும் தூரம் கிடைத்தூரம். சாய்வு கூடக் கூட, ஏணி அதே நீளம் இருந்தாலும் கிடைத்தூரம் குறைந்துகொண்டே போகும்.

புவியீர்ப்பு எப்போதும் நேர் கீழாகத்தான் இழுக்கிறது. சமதளத்தில் அந்த இழுப்பு முழுவதும் உங்கள் பார்வைக் கோட்டுக்குச் செங்குத்தாக இருக்கும். தோட்டாவைக் கோட்டிலிருந்து கீழே இறக்கும். பார்வைக் கோடு சாய்ந்துவிட்டால், இழுப்பின் ஒரு பங்கு கோட்டின் நீளவாக்கில் போய்விடும். அந்தப் பங்கு தோட்டாவின் வேகத்தை மிகச் சிறிதளவு கூட்டும் அல்லது குறைக்கும், அவ்வளவுதான். கோட்டைவிட்டு இறக்குவதற்கு மிஞ்சுவது கோணத்தின் கொசைன் (கிடைத்தூரத்தைச் சாய்வுத் தூரத்தால் வகுத்தால் வரும் எண்) பங்கு மட்டுமே. இறக்கம் குறைவு, நீங்கள் டயலில் ஏற்றியதோ சமதளத்துக்கான முழு அளவு. அதனால்தான் தோட்டா குறிக்கு மேலே போகிறது.

படி 1: உங்கள் சமதள அட்டவணையைச் சரியாக்குங்கள்

எந்தத் தூரத்துக்கு டயலில் எத்தனை மில் ஏற்ற வேண்டும் என்ற பட்டியல்தான் இந்த அட்டவணை. கோணத் திருத்தம் என்பது ஏற்கெனவே சரியாக இருக்கும் எண்ணின் மேல் செய்வது. அடிப்படை எண் தப்பாக இருந்தால் கொசைன் எதையும் காப்பாற்றாது.

இந்தக் கட்டுரை முழுவதும் ஓர் எடுத்துக்காட்டையே வைத்துக்கொள்வோம். .308 வின்செஸ்டர் ரைஃபிள், 175 கிரெய்ன் எடையுள்ள தோட்டா, புறப்படும் வேகம் நொடிக்குச் சுமார் 790 மீட்டர், 100 மீட்டரில் ஜீரோ. கடல்மட்டக் காற்றில் இதற்கு ஏற்ற வேண்டிய அளவு ஏறக்குறைய இப்படி வரும்: 300 மீட்டருக்கு 1.5 மில், 400-க்கு 2.6, 500-க்கு 3.8, 600-க்கு 5.1, 700-க்கு 6.6, 800-க்கு 8.3. இவை விளக்கத்துக்கான எண்கள். உங்கள் ரைஃபிளுக்கு நீங்களே சுட்டுப் பார்த்துத்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மலை என்றால் உயரமும் சேர்ந்தே வருகிறது. 2,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 78 சதவீதம் போலத்தான். தோட்டாவுக்குக் காற்றுத் தடை குறைகிறது, வேகம் அவ்வளவு சீக்கிரம் குறைவதில்லை, இறக்கம் குறைகிறது. அதாவது சமவெளி அட்டவணையை மலைக்கு அப்படியே கொண்டுபோனால் அந்தப் பிழையும் தோட்டாவை மேலேதான் அனுப்பும். கோணப் பிழையும் மேலே. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டாது, கூடிக்கொள்ளும். ஆகவே போகும் இடத்தின் உயரத்துக்கும் வெப்பநிலைக்கும் அட்டவணையை முதலில் புதுப்பியுங்கள்.

படி 2: சாய்வுத் தூரத்தை அளங்கள்

லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்கும் கருவி) காட்டுவது சாய்வுத் தூரம், அதாவது ஏணியின் நீளம். ஆனால் இப்போது வரும் பல கருவிகளில் கோணத்தையும் உள்ளே அளந்து, திருத்திய தூரத்தைக் காட்டும் வசதி இருக்கிறது. உங்கள் கருவி எதைக் காட்டுகிறது என்று கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். 600 மீட்டர் சாய்வுத் தூரத்துக்குக் கருவி திருத்திக் காட்டும் 520 மீட்டரை எடுத்துக்கொண்டு, மறுபடி பாலிஸ்டிக் செயலியில் (தோட்டாவின் பாதையைக் கணக்கிடும் செயலி) 30 பாகை கோணத்தையும் கொடுத்தால் ஒரே திருத்தம் இரண்டு முறை நடந்துவிடும். தோட்டா இந்த முறை குறிக்குக் கீழே போகும். புதியவர்கள் மட்டுமல்ல, பழகியவர்களும் விழும் குழி இது. என் யோசனை: கற்கும் காலத்தில் அந்த வசதியை அணைத்துவிட்டு, சாய்வுத் தூரத்தையே பயன்படுத்துங்கள்.

வரைபடத்தில் அளந்த தூரம் இதற்கு நேர்மாறு. அது ஏற்கெனவே கிடைத்தூரம்தான். சாய்வுத் தூரம் வேண்டுமானால் அதைக் கொசைனால் வகுக்க வேண்டும்.

படி 3: கோணத்தை அளங்கள், கண்ணை நம்பாதீர்கள்

மனிதக் கண் சரிவை எப்போதும் மிகைப்படுத்திப் பார்க்கும். 20 பாகை சரிவைப் பார்த்து 40 என்று சொல்பவர்கள் சாதாரணம். ஸ்கோப்பின் பக்கத்தில் மாட்டும் கோணமானி, ரேஞ்ச்ஃபைண்டரின் கோண அளவீடு, கைபேசியில் இருக்கும் சாய்வு அளவி, எது கையில் இருந்தாலும் போதும். சில கோணமானிகள் பாகைக்குப் பதிலாகக் கொசைன் எண்ணையே காட்டும். கைபேசியைக் குழலோடு சேர்த்து வைத்து அளப்பதானால் ரைஃபிளில் தோட்டா இல்லை என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்.

மேட்டிலிருந்து கீழே சுடும்போது குண்டு உயர்ந்து போவது பழைய கதைதான். அமெரிக்க விடுதலைப் போரில், 1780 அக்டோபர் 7 அன்று வட, தென் கரோலினா எல்லையில் உள்ள கிங்ஸ் மவுண்டனில், பேட்ரிக் ஃபெர்குசன் தலைமையில் பிரிட்டிஷ் தரப்புப் படை குன்றின் மேல் நின்றது. கீழே மரங்களுக்குப் பின்னால் ஒதுங்கி ஏறி வந்தவர்கள் மலைநாட்டு ரைஃபிள்காரர்கள். மேலிருந்து சுட்ட குண்டுகள் பலவும் தலைக்கு மேலே போய்விட்டன என்று அந்தச் சண்டையின் விவரிப்புகள் சொல்கின்றன. பின்பக்கமாக மருந்து நிரப்பும் ரைஃபிள் ஒன்றை வடிவமைத்து 1776-இல் காப்புரிமை பெற்றவர் இந்த ஃபெர்குசன். அங்கே சுட்ட தூரம் குறைவு என்பதால் ஈர்ப்புக் கணக்கின் பங்கு சிறியதாகத்தான் இருந்திருக்கும். கண்ணும் பழக்கமும்தான் அதிகம் ஏமாற்றியிருக்கும் என்பது என் எண்ணம்.

படி 4: கொசைனால் பெருக்குங்கள்

இந்த எண்களை ஒரு சீட்டில் எழுதி ரைஃபிள் கட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள்: 10 பாகைக்கு 0.98, 15-க்கு 0.97, 20-க்கு 0.94, 25-க்கு 0.91, 30-க்கு 0.87, 35-க்கு 0.82, 40-க்கு 0.77, 45-க்கு 0.71.

சரி, இப்போது குறி 600 மீட்டரில், கோணம் 30 பாகை. மேலேயா கீழேயா என்பது வேண்டாம். இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

பழைய வழி, தூரத்தைப் பெருக்குவது. 600 × 0.87 என்றால் சுமார் 520 மீட்டர். அட்டவணையில் 520-க்கு உரியது 4.1 மில்.

இரண்டாவது வழி, ஏற்றும் அளவைப் பெருக்குவது. 600-க்கு உரிய 5.1 மில்லை 0.87-ஆல் பெருக்கினால் 4.4 மில்.

இரண்டும் ஏன் வேறுபடுகின்றன? முதல் வழி, தோட்டா 520 மீட்டர் மட்டுமே பறந்தது போல நடந்துகொள்கிறது. உண்மையில் அது காற்றைக் கிழித்துக்கொண்டு 600 மீட்டரும் பறந்தாக வேண்டும். கடைசி 80 மீட்டரில் வேகம் குறைந்து இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஆகவே முதல் வழி தேவையைவிடக் குறைவாகச் சொல்கிறது. இரண்டாவது வழி பறக்கும் நேரத்தைச் சரியாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் அட்டவணை எண் ஜீரோவிலிருந்து மேலே எண்ணுவது. 100 மீட்டர் ஜீரோவிலேயே குழல் சற்று உயர்த்தப்பட்டிருக்கிறது. அந்தப் பகுதியும் கோணத்தால் குறைய வேண்டும், இந்தப் பெருக்கலில் அது விட்டுப்போகிறது. அதனால் இது ஒரு பொட்டு அதிகமாகச் சொல்லும். உண்மையான விடை 4.2 அல்லது 4.3 மில், இரண்டுக்கும் நடுவே.

கோணத்தையே கவனிக்காமல் 5.1 வைத்துச் சுட்டிருந்தால்? தோட்டா குறிக்கு ஏறக்குறைய 50 செ.மீ. மேலே போயிருக்கும்.

400 மீட்டர் வரை முதல் வழியே போதுமான அளவு நெருக்கமாக வரும். தூரம் கூடினால் அது கைவிடும்: 800 மீட்டர், 30 பாகையில் முதல் வழி 6.5 மில் சொல்லும், இரண்டாவது 7.2 சொல்லும், சரியான விடை 7.0 பக்கம். முதல் வழியில் 40 செ.மீ. கீழே அடிப்பீர்கள். தொலைதூரம் என்றால் இரண்டாவது வழியைப் பழகுங்கள். நேரம் இருந்தால் பாலிஸ்டிக் செயலியில் சாய்வுத் தூரத்தையும் கோணத்தையும் கொடுத்து விடையைச் சரிபாருங்கள்.

10 பாகைக்குக் குறைவான சரிவில், 400 மீட்டருக்குள் எதுவும் செய்யத் தேவையில்லை. வித்தியாசம் இரண்டு மூன்று செ.மீ.தான். 30-க்கு மேல் போனால் ஒவ்வொரு பாகையும் கனக்கும். 600 மீட்டரில் 35 பாகையை 30 என்று எடுத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 18 செ.மீ. பிழை.

படி 5: காற்றுக்கு முழுத் தூரம்

காற்றுத் திருத்தத்தைக் கொசைனால் குறைக்கக் கூடாது. குறுக்குக் காற்று தோட்டாவைத் தள்ளுவது அது பறக்கும் நேரம் முழுவதும். அந்த நேரத்தைத் தீர்மானிப்பது 600 மீட்டர், 520 அல்ல. நம் எடுத்துக்காட்டில் நொடிக்கு 4.5 மீட்டர் குறுக்குக் காற்றுக்கு 600 மீட்டரில் ஏறக்குறைய 1.5 மில் வேண்டும். திருத்திய தூரத்துக்குப் பார்த்தால் 1.3 போல வரும். அந்த வித்தியாசம் குறியில் 12 செ.மீ. தூரத்தை மனதில் 520 என்று மாற்றிவிட்டவர்கள் காற்றுக்கும் அதையே பிடித்துக்கொள்வார்கள். நான் இரண்டாவது வழியை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்: அதில் தூரம் கடைசிவரை 600-தான்.

மலையில் காற்று பக்கவாட்டில் மட்டும் வீசாது. வெயில் ஏறிய சரிவில் காற்று மேலேறும், மாலையில் கீழிறங்கும். பள்ளத்தாக்கின் நடுவே புல், இலை, கானல் அசைவு எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகே டயலைத் தொடுங்கள்.

படி 6: ரைஃபிள் பக்கவாட்டில் சாயாமல் இருக்கட்டும்

சரிவான தரையில் படுத்தால் உடம்பு எது நேர் என்பதைத் தவறாக உணரும். 600 மீட்டரில் ரைஃபிள் 5 பாகை பக்கவாட்டில் சாய்ந்தாலே தோட்டா 30 செ.மீ.க்கு மேல் விலகும். ஸ்கோப்பில் ஒரு ரசமட்டக் குமிழைப் பொருத்திக்கொண்டு, விசையை அழுத்துவதற்கு முன் ஒரு பார்வை பாருங்கள்.

மேல்நோக்கிப் படுத்துச் சுடும்போது முகம் ஸ்கோப்புக்கு நெருங்கிவிடும். பின்னுதைப்பில் புருவம் கிழியக்கூடும். உட்கார்ந்தோ, முன்பக்கம் உயரமாகத் தாங்கல் கொடுத்தோ கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் வழக்கமான இடைவெளி வருமாறு அமைத்துக்கொள்ளுங்கள்.

சுடுவதற்கு முன்

மலைமுகட்டில், பின்னால் வானம் மட்டும் தெரியும்படி நிற்கும் எதையும் சுடாதீர்கள். தவறிய தோட்டா முகட்டைத் தாண்டிச் சில கிலோமீட்டர் போகும், அங்கே யார் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. கீழ்நோக்கிச் சுடும்போது பின்னால் மண் இருக்கும்தான், ஆனால் பாறையாக இருந்தால் தோட்டா தெறிக்கும். அதோடு பள்ளத்தாக்கின் அடியில் பாதையோ முகாமோ இருக்கிறதா என்று தொலைநோக்கியில் தேடிப் பாருங்கள்.

மலைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே பழகலாம். ஒரு தாளில் தூரமும் கோணமும் கலந்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஏற்றும் அளவை மனக்கணக்காகச் சொல்லி, செயலியில் சரிபாருங்கள். களத்தில் முதல் நாள் 300 மீட்டரில் உள்ள பெரிய தகட்டில் தொடங்குங்கள். சாய்வுத் தூரம், கோணம், டயலில் வைத்தது, தோட்டா உண்மையில் பட்ட இடம், இந்த நான்கையும் நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். பட்ட இடம் தொடர்ந்து மேலேயே இருந்தால் கோணத்தைக் குறை சொல்வதற்கு முன், அட்டவணை அந்த உயரத்துக் காற்றுக்கு உரியதுதானா என்று ஒருமுறை பாருங்கள்.